கணினி மறுபடி கேட்காத கேள்வி

சுங்கைப்பட்டாணியில் உள்ள ஒரு குளிர்கிடங்கில் சரக்கு இறக்கும் பகுதிக்குக் கிளார்க்காக இருக்கும் அக்கா, போனில் எனக்கு வணக்கம் சொல்வதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். எடுத்தவுடனே, "தங்கச்சி, மஞ்சள் முக்கோணம் லா" என்பார். அவ்வளவுதான் செய்தி. அதற்கு மேல் சொல்ல அவருக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் ஒன்றும் இல்லை.

நான் வேலை செய்யும் நிறுவனம் கூலிம் ஹைடெக் பூங்காவின் பெரிய தொழிற்சாலைகளைத் தாண்டி, ஒரு கடைவீட்டு வரிசையின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே டயர் கடை. ஊரில் யாராவது "எங்க வேல?" என்று கேட்டால் "ஹைடெக்ல" என்பேன், அவர்கள் கண்ணாடிச் சுவரும் நீல நிற அங்கியும் வைத்த இடத்தைக் கற்பனை செய்துகொள்வார்கள். நான் திருத்துவதில்லை. மேல்மாடியில் நாங்கள் சிலபேர், ஓயாமல் சத்தம் போடும் ஒரு ஏர்கான், நாற்காலிகளுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கேபிள்கள்.

அங்கே நாங்கள் செய்யும் பொருள் உள்ளங்கை அளவுள்ள ஒரு சாம்பல் நிறப் பெட்டி. உறைந்த கோழியும் மீனும் ஏற்றிப் போகும் லாரியின் பக்கவாட்டுச் சிறுகதவு வழியாக உள்ளே அதை மாட்டிவிடுவார்கள். வழி முழுக்க உள்ளே எவ்வளவு குளிர் இருந்தது என்று அது பதிவு செய்துகொண்டே வரும். லாரி கிடங்குக்கு வந்ததும் பெட்டியைக் கழற்றிக் கணினியில் செருகினால் திரையில் ஒரு கோடு வரும். கோடு மேலே ஏறாமல் இருந்தால் சரக்கை இறக்கலாம். ஏறியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். கிடங்கின் கணினியில் அந்தக் கோட்டைப் பார்க்காமல் லாரியின் பின்கதவைத் திறக்கக் கூடாது என்பது கிடங்கின் கட்டளை.

பல காலம் இதில் தகராறே இல்லை. எனக்கு முன்னால் இருந்த இன்ஜினியர் ஒவ்வொரு கிடங்குக்கும் போய், எங்கள் பெட்டியைக் கணினிக்குப் புரியவைக்கும் டிரைவர் என்ற நிரலைக் கையாலேயே கணினிகளில் ஏற்றிவிட்டு வந்திருந்தார். பிறகு அந்தக் கிடங்குகளை நடத்தும் வாடிக்கையாளரின் தலைமை அலுவலகம் எல்லாக் கிடங்குகளுக்கும் புதுக் கணினி அனுப்பியது. பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் பூட்டி அனுப்பியது. கிளார்க்குகள் எதையும் புதிதாக ஏற்ற முடியாது. பெட்டியைச் செருகினால், இது என்னவென்று தெரியவில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு மஞ்சள் முக்கோணம் மட்டும் வரும். கிடங்கு மேற்பார்வையாளரின் அறையில் மட்டும் ஒரு பழைய கணினி மிச்சம் இருந்தது. ஒவ்வொரு லாரிக்கும் அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கு நடக்க ஆரம்பித்தார்.

எங்கள் முதலாளி சீனர். எங்களோடு ஆங்கிலத்தையும் மலாயையும் கலந்துதான் பேசுவார். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். வாடிக்கையாளர் புகார் சொன்னபோது அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "செருகினால் போதும், தானாக ஓடும். செய்துதருகிறோம்." போனை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்து, "செய்யலாம்தானே?" என்று கேட்டார். இந்த வரிசையில் கேட்பது அவர் வழக்கம்.

செய்யலாம். அதற்கு வழி இருப்பது எனக்குத் தெரியும். யூ.எஸ்.பி. பொருள் எதையாவது கணினியில் செருகினால், திரையில் எதுவும் தெரிவதற்கு முன்பே இரண்டுக்கும் நடுவில் ஒரு விசாரணை நடந்து முடிந்திருக்கும். நீ யார், உன்னைச் செய்தது யார், உனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணினி ஒவ்வொன்றாகக் கேட்கும். பெட்டிக்குள் இருக்கும் சில்லில், அதாவது சிப்பில், நாம் எழுதிவைத்த நிரல் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும். இந்தப் பதில்களைத்தான் டிஸ்கிரிப்டர் என்கிறோம். கீபோர்டு என்றால் 'நான் கீபோர்டு' என்று சொன்னால் போதும்; அதை ஓட்டும் டிரைவர் எல்லாக் கணினியிலும் ஏற்கெனவே இருக்கும். எங்கள் பெட்டி அப்படி ஊரறிந்த எந்த இனத்திலும் சேராது. அதனால்தான் முக்கோணம்.

ஆனால் விண்டோஸ் மட்டும் தனக்கென்று கூடுதலாக ஒரு கேள்வி வைத்திருக்கிறது. இருநூற்று முப்பத்தெட்டாம் எண்ணில் உன்னிடம் ஏதாவது வாசகம் இருக்கிறதா என்று கேட்கும். யாரும் சாதாரணமாக அந்த எண்ணில் எதையும் வைக்கமாட்டார்கள். அங்கே அவர்கள் சொன்ன ஏழு எழுத்தை, அவர்கள் சொன்ன மாதிரியே வைத்திருந்தால், இந்தப் பெட்டிக்கு நம் பாஷை தெரியும் என்று விண்டோஸ் நினைத்து அடுத்ததைக் கேட்கும். அப்போது 'உன்னிடம் இருக்கும் பொது டிரைவரையே எனக்கும் கொடுத்துவிடு' என்று பெட்டி சொல்ல வேண்டும். கொடுத்துவிடும். யாரும் எதையும் ஏற்ற வேண்டியதில்லை, யாருடைய கடவுச்சொல்லும் தேவையில்லை.

எழுதினால் இரண்டு பக்கம் வராத நிரல் அது. எழுதி, பெட்டியில் ஏற்றி, அலுவலகக் கணினியில் செருகினேன். மஞ்சள் முக்கோணம்.

முதலில் எனக்குப் பதற்றம் இல்லை. இந்த மாதிரி வேலை முதல் தடவையில் ஓடினால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆவணத்தை எடுத்து வரிவரியாகச் சரிபார்த்தேன். கணினி முதலில் பதிலின் தலைப்பை மட்டும் கேட்கும், பிறகுதான் முழுவதையும் கேட்கும். கேட்ட அளவுக்கு மேல் ஒரு பைட் கூடக் கொடுக்கக் கூடாது. நான் கொடுக்கவில்லை. பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடங்களில் பூஜ்ஜியம் இருந்தது. எழுத்துகள் சரி, வரிசை சரி. செருகினேன். முக்கோணம்.

அந்தச் சிறப்புக் கேள்வி பெட்டிக்கு வரும்போதெல்லாம் வேறொரு கம்பி வழியாக ஒரு வரியை அச்சிடும்படி நிரலில் சேர்த்தேன். செருகினேன். ஒரு வரியும் வரவில்லை. அப்படியானால் நான் எழுதிய பகுதிக்குக் கேள்வியே வந்து சேரவில்லை. சில்லு செய்தவர்கள் கொடுத்த அடிப்படை நிரல்தான் கேள்விகளைப் பிரித்து அனுப்புகிறது. அதில்தான் எங்கேயோ தொலைகிறது என்று முடிவு கட்டினேன். அதுதான் நான் செய்த நாசம். யாரோ ஒருவர் குறிப்பு எதுவும் எழுதாமல் விட்டுப்போன அந்த நிரலுக்குள் இறங்கி, ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் பிய்த்துப்போட்டேன். ஒரு முறை பெட்டியைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை. அந்த அளவுக்கு நன்றாகத் திருத்தியிருந்தேன். எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு மீண்டும் ஆரம்பித்தேன்.

முதலாளி கோப்பி கட்டிவாங்கிய பிளாஸ்டிக் பையோடு மேசையைக் கடக்கும்போதெல்லாம் "ஆச்சா?" என்பார். நின்று கேட்கமாட்டார். நடந்துகொண்டே கேட்பார். பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அவர் அறைக் கதவு மூடியிருக்கும். கிடங்கு அக்காவும் போன் செய்வார். அவர் மேல் எனக்குக் கோபம் வர நியாயமே இல்லை. ஆனாலும் திரையில் அவர் எண்ணைப் பார்த்தாலே பல்லைக் கடிக்கத் தொடங்கினேன்.

ஒரு சனிக்கிழமை பெட்டியை பாடாங் செராய்க்கு, வீட்டுக்கே எடுத்துவந்தேன். என் கணவர் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர். பகுதிநேரமாக ஏதோ டிப்ளோமா படிக்கிறார். அதற்காகப் புது லேப்டாப் ஒன்று வாங்கியிருந்தார். என்னைத் தொடவிடமாட்டார்.

"ஏங்க, உங்க லேப்டாப்ப கொஞ்சம் குடுங்க. இத ஒரு தடவ செருகிப் பாத்துட்டு தந்துடறேன்."

"என் அசைன்மென்ட் எல்லாம் அதுலதான் இருக்கு. ஒன்னும் ஆவாதே?"

"ஒன்னும் ஆவாது."

"ஆபிஸ்ல இருக்கற கம்ப்யூட்டருக்கெல்லாம் என்னா ஆச்சு?"

"அதுக்கும் ஒன்னும் ஆவல. அதான் பிரச்னையே."

அவர் அரைமனதாக லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். பக்கத்தில் என் அலுவலக மடிக்கணினியை வைத்து, பெட்டி அச்சிடும் வரிகளைப் பார்ப்பதற்காக அந்த இன்னொரு கம்பியை அதில் மாட்டினேன். பெட்டியைச் செருகினேன். லேப்டாப் ஒரு சின்ன ஓசை எழுப்பியது. முக்கோணம் வரவில்லை. பென்டிரைவில் கொண்டுவந்த எங்கள் மென்பொருளைத் திறந்தேன், கோடு வந்தது. வீட்டுச் சமையலறையின் வெப்பத்தை வரைந்துகொண்டு ஒரு கோடு.

நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த கரண்டியோடு ஓடிவந்தார். "சொன்னேன்ல கெட்டுடும்னு!"

"கெடல. வேல செய்யுதுங்க!"

"அதுக்கா இப்படி கத்தின?" என்று அவர் திரும்பிப் போனார். அன்று மத்தியானம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். திங்கட்கிழமை அதே பெட்டி, அதே கேபிள், அதே நிரல். அலுவலகக் கணினியில் செருகினேன். மஞ்சள் முக்கோணம்.

எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை. கீழே போய் டயர் கடைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒருவர் தன் காரின் நான்கு டயரையும் மாற்றிக்கொண்டிருந்தார். பழையதைக் கழற்றினார்கள், புதியதை மாட்டினார்கள், அவர் ஓட்டிப் போனார். அவ்வளவு பொறாமையாக இருந்தது எனக்கு.

மேலே வந்து வீட்டில் பதிவான வரிகளை எடுத்துப் பார்த்தேன். கோடு வந்த சந்தோஷத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை. வீட்டில் அந்தச் சிறப்புக் கேள்வி வந்திருந்தது. என் பகுதிக்கே நேராக வந்து, பதிலும் வாங்கிப் போயிருந்தது. அப்படியானால் அடிப்படை நிரலில் எதுவும் தொலையவில்லை. அலுவலகக் கணினி கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு நான் இத்தனை நாளாகப் பதிலைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் கேட்கவில்லை என்று தேடியபோது ஆவணத்தின் ஒரு மூலையில் இருந்தது. அந்தக் கேள்வியை விண்டோஸ் ஒரு பொருளை முதன்முதலாகப் பார்க்கும்போது மட்டும்தான் கேட்கும். கிடைத்த பதிலைக் குறித்துவைத்துக்கொள்ளும். செய்தவரின் எண், பொருளின் எண், பதிப்பின் எண், இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும்வரை மறுபடி கேட்காது. எங்கள் அலுவலகக் கணினி பழைய பெட்டியை எப்போதோ பார்த்துவிட்டது. அப்போது பெட்டிக்குப் பதில் தெரியாது. 'இதனிடம் ஒன்றும் இல்லை' என்று கணினி குறித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் எவ்வளவு சரியாக எழுதினாலும் அதற்கு அக்கறையில்லை.

கண்டுபிடித்தால் சந்தோஷம் வரும் என்பார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. முதல் நாள் எழுதியதே சரியாக இருந்திருக்கிறது. அதை உடைத்து, ஒட்டி, மறுபடி உடைத்து, கடைசியில் முதல் நாள் எழுதியதற்கே வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஆனாலும் என் ஊகத்தை நானே நம்பவில்லை. எங்கள் பெட்டியை ஒருபோதும் பார்த்திராத இன்னொரு கணினி வேண்டும். பாடாங் செராயில் எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. கடைக்கார அண்ணனுக்கு என்னைத் தெரியும்.

"அண்ணே, உங்க கம்ப்யூட்டர்ல இத ஒரு தடவ செருகிக்கட்டுமா?"

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னா இது, வைரஸ் கிய்ரஸ் இருக்குமா?"

"வைரஸ்லாம் இல்லண்ணே. டெம்பரேச்சர் பாக்கற பெட்டி."

"செருகிக்க. ஆனா அந்த பிரின்டர் ஒரு வாரமா பேப்பர தின்னுது. அதயும் ஒரு கை பாத்துட்டு போ லா."

நான் பிரின்டர் பழுதுபார்ப்பவள் இல்லை என்று இந்த ஊரில் யாரிடமும் சொல்லிப் பயனில்லை. பெட்டியைச் செருகினேன். கேள்வி வந்தது; பதில் போனது; கோடு வந்தது. பிறகு பிரின்டரின் வாயிலிருந்து கசங்கிய காகிதத் துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அலுவலகக் கணினியின் உள்ளே போய், அது குறித்துவைத்திருந்ததை அழித்தேன். செருகினேன். உடனே ஓடியது. முதலாளி அறைக்குப் போய் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். "ஓடுகிறது" என்ற வார்த்தை வரைக்கும்தான் அவர் கேட்டார். நான் முடிப்பதற்குள் வாடிக்கையாளருக்குப் போன் போட்டு, தயார் என்று சொல்லிவிட்டார்.

"பாஸ், அங்கே ஓடாது" என்றேன்.

"இப்போதுதான் ஓடுகிறது என்றாய்!"

கிடங்குக் கணினிகளெல்லாம் பழைய பெட்டியைப் பார்த்துவிட்டவை, அங்கே இருக்கும் குறிப்பை அழிக்க எனக்கு அனுமதி கிடையாது என்று விளக்கினேன். எளிய வழி ஒன்று இருந்தது. பெட்டி தன்னைப் பற்றிச் சொல்லும் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டிவிட்டால், கணினி அதைப் புதுப் பெட்டி என்று நினைத்து மறுபடி கேட்கும்.

"பதிப்பு எண்ணை மாற்றாதே" என்றார் உடனே. "அவர்களுடைய தரக் கட்டுப்பாட்டுக்காரர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறதே, அதே எண்."

"வெளியே ஒட்டியிருப்பது அப்படியே இருக்கட்டும். உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுகிறேன்."

"உள்ளே இருப்பதை யார் பார்ப்பார்கள்?"

"யாரும் பார்க்கமாட்டார்கள். கணினி மட்டும்தான்."

"யாரும் பார்க்காததை மாற்றி என்ன ஆகப்போகிறது?"

"கணினி பார்க்கிறதே, பாஸ்!"

"ஆடிட்டுக்கு வருகிறவன் பார்த்தால்? உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. என்னைத்தானே பொய்யன் என்பான் லா. அவர்களுடைய ஐ.டி. ஆள்களைக் கேட்டு அழித்துக்கொள்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். முழு முட்டாள்தனமாக இருந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

புது நிரல் ஏற்றிய பெட்டிகள் சிலவற்றோடு சுங்கைப்பட்டாணிக்குப் போனேன். கிடங்கு வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் இஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. குளிர் நிற்கக் கூடாது என்பதற்காக அணைக்கமாட்டார்கள். அக்கா சேலைக்கு மேல் ஒரு தடித்த ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். "வாங்க தங்கச்சி, சாப்டாச்சா?" என்று கேட்ட கையோடு கணினியைக் காட்டினார்.

செருகினேன். மஞ்சள் முக்கோணம். எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அவர் முன்னால் அதைப் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது.

"அதே தானே லா இது" என்றார் அக்கா. "ஒங்க பாஸ் சரியாயிடுச்சுன்னு சொன்னாராமே."

தலைமை அலுவலகத்தின் ஐ.டி. ஆளுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். மலாய்க்கார இளைஞர், குரல் மரியாதையாக இருந்தது. கணினியின் உள்குறிப்பு ஒன்றை அழிக்க வேண்டும் என்றேன். "மாஃப் காக், தாக் போலே" என்றார். மன்னிக்கணும் அக்கா, முடியாது. எழுத்து மூலமாகக் கேட்டால் அவர்கள் கூட்டத்தில் வைத்துப் பேசுவார்களாம். கூட்டம் எப்போது என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியாதாம்.

அதற்குள் ஒரு லாரி ஓட்டுநர் கையில் எங்கள் பெட்டியோடு வந்து நின்றார். பழைய நிரல் இருக்கும் பெட்டி. அக்கா அதை வாங்கிக்கொண்டு மேற்பார்வையாளர் அறைப் பக்கம் நடந்தார். போன வேகத்திலேயே திரும்பிவந்தார். "சூப்பர்வைசர் லீவு. ரூம பூட்டிட்டு போயிட்டாரு."

"அப்ப நான் என்னா பண்றது?" என்று ஓட்டுநர் சத்தம் போட்டார். "கோழிய ஏத்திக்கிட்டு காலையிலிருந்து ஓட்டிட்டு வரேன். கதவத் தொறங்க, எறக்கிட்டு போறேன்."

"கோடு பாக்காம தொறக்க முடியாது அண்ணே."

"அப்ப கோட்டப் பாருங்க!"

"பாக்க முடியலயே!"

"இஞ்சின ஓட்டிக்கிட்டே எவ்ளோ நேரம் நிக்கிறது? ஐஸ் கரைஞ்சா என்னத்தான் கேப்பாங்க!"

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் இன்னொரு லாரி ஹாரன் அடித்தது. கோழி குளிராக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தப் பெட்டி. அந்தப் பெட்டியினாலேயே கோழி வெயிலில் நிற்கிறது.

முதலாளிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. எனக்கு அங்கேயே போதும் என்று ஆகிவிட்டது. கவிழ்த்துவைத்திருந்த ஒரு மீன் கூடையின் மேல் உட்கார்ந்து என் மடிக்கணினியைத் திறந்தேன். நிரலில் பதிப்பு எண் இருக்கும் வரிக்குப் போய் ஒன்றைக் கூட்டினேன். ஓட்டுநரின் பெட்டியை வாங்கி, அதில் பதிவான கணக்கு அழியாதபடி புது நிரலை மட்டும் ஏற்றினேன். அக்காவின் கணினியில் செருகினேன்.

அந்தச் சின்ன ஓசை. பிறகு கோடு. தொடக்கம் முதல் கடைசி வரை கீழேயே ஓடிய, நல்ல குளிரான கோடு.

அக்கா கோட்டை உற்றுப் பார்த்துவிட்டு ஓட்டுநரிடம் கையைக் காட்டினார். கதவு திறந்தது, உள்ளிருந்து வெள்ளைப் புகை மாதிரி குளிர் வந்தது. ஓட்டுநர் எங்களை மறந்துவிட்டு ட்ராலியைத் தேடிப் போனார்.

"இப்ப என்னா பண்ணீங்க?" என்று கேட்டார் அக்கா.

"ஒரு நம்பர மாத்தினேன்க்கா."

"எவ்ளோ பெரிய நம்பரு?"

"ஒன்னு கூட்டினேன்."

அவர் என்னையே பார்த்தார். "அவ்ளோதானா? அப்ப ஏன் தங்கச்சி இத்தன நாளா என்னய நடக்க வெச்சீங்க?"

அவருடைய கேள்வி நியாயமானது. என் பதில் நீளமானது. அடுத்த லாரி வேறு காத்திருந்தது. "சாரிக்கா" என்றேன்.

முதலாளிக்குச் செய்தி வாடிக்கையாளர் மூலமாகத்தான் போனது. என்னைக் கூப்பிட்டு, கேட்காமல் ஏன் மாற்றினாய் என்று கத்தினார். போனை எடுக்கவில்லையே என்றேன். அப்படியானால் காத்திருக்க வேண்டும் என்றார். கோழி காத்திருக்காது என்றேன். பிறகு தரக் கட்டுப்பாட்டுக்காரர்களிடம் அவரே பேசினார். உள்ளெண் மாறியதை அவர்கள் ஒரு சின்னக் கடிதத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். மேலே ஒட்டிய எண் மட்டும் மாறக் கூடாது என்றார்கள்.

அதுதான் அடுத்த தலைவலியாக வந்து முடிந்தது. பெட்டிகள் ஒரே இடத்தில் இருப்பவை அல்ல. ஒன்று ஜித்ராவில் இருக்கும், ஒன்று அலோர் ஸ்டார் போகும் வழியில் இருக்கும். திரும்பி வர வர ஒவ்வொன்றாகத்தான் நான் புது நிரல் ஏற்ற முடியும். வெளியே எல்லாம் ஒரே எண், ஒரே சாம்பல் நிறம். ஏற்றியது எது, ஏற்றாதது எது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. முக்கோணம் வந்தால் மறுபடி எனக்குப் போன். மறுபடி நான் கூலிமிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஒருநாள் போனபோது, நான் ஏற்றிமுடித்த பெட்டியை அக்கா கையில் வாங்கினார். கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, சிவப்புப் பொட்டு ஒன்றை உரித்து, பெட்டியின் நெற்றியில் ஒட்டினார். "பொட்டு வெச்சது நல்லது. வெக்காதத தனியா எடுத்து வெக்கறேன். நீங்க வாரத்துல ஒரு நாளு வந்தா போதும். சும்மா சும்மா ஓடி வராதீங்க, பெட்ரோல்தான் வீணாவும்."

முதலாளி அதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். ஒட்டிய எண் மாறக் கூடாது என்றுதானே சொன்னார்கள். பொட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சில மாதங்களில் பெட்டிகள் எல்லாம் வந்துசேர்ந்தன. கடைசிப் பெட்டியை நான் முடித்துக்கொடுத்தபோது அக்கா, "அப்ப இனிமே நீங்க வர வேண்டியதில்லயா?" என்று கேட்டார். வேண்டியதில்லை என்றேன். "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

திரும்பும்போது பாடாங் செராய் பக்கம் சாலையில் நெரிசல். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முதலாளி போன் செய்தார். புது வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறாராம், மருந்து ஏற்றிப் போகிறவர். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"செருகினால் போதும், தானாக ஓடும் என்றேன். ஓடும்தானே?"

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். நின்றுகொண்டு பேசினால்தான் எனக்கு நிதானம் இருக்கும். "பாஸ், அவர்களுடைய கணினி ஒன்றை முதலில் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நம் பெட்டியைப் பார்க்காத கணினியாக இருக்க வேண்டும். நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் யாருக்கும் எதையும் சொல்லக் கூடாது."

"ஓகே லா, ஓகே லா" என்றார். ஆனால் அதற்குள் சொல்லிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். போனை வைத்துவிட்டேன். செம்பனை லாரி எங்கேயோ போய்விட்டிருந்தது. காரை எடுத்தேன்.